ரிலேக்குள் இருந்த ரப்பர் துண்டு

போன மாதம் வரை என் கருவிப் பெட்டியில் கட்டைவிரல் நகமளவு ரப்பர் துண்டு ஒன்று கிடந்தது. ஓரம் பிசிறாமல் கத்தியால் வெட்டிய துண்டு. வெட்டியவள் என் அக்கா.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான் ஒருவன்தான். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்று, எஹலியகொடைப் பக்கம் ஒரு ரப்பர் பெக்டரியில் ரப்பர் ஷீட் அழுத்தும் ரோலர் வேலைக்குப் போனவள். நீண்ட மின்வெட்டு நாட்களில் அந்த பெக்டரி மூன்று பேஸ் ஜெனரேட்டரில்தான் ஓடியது. அதைச் சோதிக்க, நான் வேலை பார்த்த ஜெனரேட்டர் கம்பனி என்னையே அனுப்பியது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஈரத் தரையில் நின்ற அக்கா, வேலையைத் தொடங்குமுன் ரோலரின் இரும்பைப் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். மற்றப் பெண்களும் அப்படியே செய்தார்கள். ஏதோ கும்பிடும் வழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மின்சாரம் கம்பியை விட்டு இரும்புக்குக் கசிந்தால், அந்த நொடியே ஜெனரேட்டரைத் துண்டிக்க வேண்டியது ரிலே என்ற சின்னப் பெட்டி. கசிவு போலவே கொஞ்சம் மின்னோட்டத்தை அதற்குக் கொடுத்தேன். அசையவில்லை. கூட்டினேன். அப்போதும் அசையவில்லை. மூடியைக் கழற்றினால், அசைய வேண்டிய கைக்கு அடியில் அந்த ரப்பர் துண்டு.

ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்ட, பாஸ் என்று எல்லோரும் கூப்பிடும் சிங்கள மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். “மல்லி, ஜெனரேட்டர் தெனம் தெனம் நின்னுச்சு, தம்பி. பாதியில நின்னா ரப்பர் கறுத்துப் போகும், தொரை ஏசுவாரு.”

“இவ்வளவு அளவா யாரு வெட்டுனது?”

“நான்தான்டா,” என்றாள், பின்னால் வந்து நின்ற அக்கா. “பாஸ் பாவம். ஏச்சு வாங்கியே எளச்சிட்டாரு.”

துண்டை எடுத்ததும் ரிலே ஒழுங்காக வேலை செய்தது. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ரோலர்களை ஒவ்வொன்றாக ஓட்டினோம். மூன்றாவதில் ஜெனரேட்டர் டப்பென்று நின்றது. அது அக்காவின் ரோலர். மோட்டார் கேபிளின் உறை தேய்ந்து, கம்பி இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“ஒனக்குத் தெரியலையாக்கா?”

“கிள்ளும். அதான் பொறங்கையால பாத்துக்கிறோம்ல. கிள்ளுனா செருப்பப் போட்டுக்குவோம்.”

உள்ளங்கையால் தொட்டால் விரல்கள் மடங்கி இரும்பைப் பிடித்துக்கொள்ளும். புறங்கை என்றால் உதறிக்கொள்ளும். நான் கல்லூரியில் படித்ததை அந்தப் பெண்கள் கிள்ளு வாங்கியே படித்திருந்தார்கள். கவிழ்த்த வாளி ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அக்காவின் கவலை வேறாக இருந்தது.

“பாஸ் பேர எழுதிராத, சாமி. புள்ளகுட்டிக்காரரு.”

ரிலேயில் இருந்த தடை நீக்கப்பட்டது, கேபிள் மாற்றும்வரை மூன்றாவது ரோலரை ஓட்டக் கூடாது என்று அறிக்கையில் எழுதினேன். யார் பெயரையும் எழுதவில்லை. அது சரிதானா என்று இன்னும் எனக்குத் தெரியாது. கேபிளை மாற்றும்வரை நான் அங்கிருந்து கிளம்பவில்லை, அவ்வளவுதான். துண்டை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

போன மாதம் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். புதிதாக வாங்கிய பிரிட்ஜ் ஒரு கால் தரையில் படாமல் ஆடிக்கொண்டிருந்தது. முட்டுக் கொடுக்க ஏதாவது கிடைக்குமா என்று என் கருவிப் பெட்டியைக் கிளறியவள் கையில் அந்தத் துண்டு அகப்பட்டது.

“அட, இன்னுமா இத வச்சிருக்க?” என்று சிரித்தாள். “பிரிட்ஜுக்கு இது சரியா இருக்கும்.”

“இது கிள்ளாதுக்கா. நானே எர்த் போட்டிருக்கேன்,” என்றேன், அவள் பிரிட்ஜை நெருங்கியபோது.

“தெரியும்டா,” என்றாள். என்றாலும், குனியுமுன் பிரிட்ஜின் பக்கவாட்டைப் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டாள்.