ஊரை விட்டுப் போகிறவரின் அணி

எங்கள் கிரிக்கெட்டுக்கு மட்டை கிடையாது, பந்து கிடையாது, வெயிலும் கிடையாது. காரிமங்கலத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஜமுக்காளத்தை விரித்து, இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகளை உருட்டி ஆடுவோம். எண்பதுகளின் தொடக்கத்தில், டிரான்சிஸ்டரில் கமெண்டரி கேட்டுக் கேட்டுப் பித்துப் பிடித்துப் போயிருந்த என் அண்ணன் கண்டுபிடித்த ஆட்டம் அது. நிஜ மைதானத்தில் அவனால் நாலு பந்து தாக்குப்பிடிக்க முடியாது. அந்த ஆற்றாமையில்தான் இதைக் கண்டுபிடித்தான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

சோப்பு டப்பா அட்டையைச் சீட்டுச் சீட்டாக வெட்டி, ஒரு சீட்டுக்கு ஒரு ஆட்டக்காரன் என்று வைத்துக்கொள்வோம். அதில் இரண்டே விஷயம்தான் இருக்கும். ஒன்று அவன் வயசு, இன்னொன்று அவனுக்கு எத்தனை உசுரு என்பது. கட்டையில் விழுவது ரன். தாயம் விழுந்தால், அதாவது ஒன்று விழுந்தால், ஒரு உசுரு போச்சு. ஊரே தாயம் விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உருட்டும்போது, நாங்கள் மட்டும் அது விழவே கூடாது என்று வேண்டிக்கொண்டு உருட்டினோம். பதினோரு பேர் வைத்தால் சோறாக்க நேரம் இருக்காது என்பதால் அணிக்கு ஆறு பேர்.

பொங்கலுக்குப் பொங்கல் எல்லாச் சீட்டுக்கும் ஒரு வயசு கூடும். பதினெட்டில் ஒரு உசுரோடு வருகிறவன் இருபத்தைந்துக்குள் மூன்று உசுருக்கு வளர்வான். முப்பது தாண்டினால் வருஷத்துக்கு ஒன்றாகக் கழியும். மாட்டுப் பொங்கலன்று ஆட்களை மாற்றிக்கொள்ளலாம். அதற்குச் சந்தை என்று பெயர். மறுநாள் தொடங்கும் ஆட்டங்கள் விபூதிப் புதனுக்கு முந்தின நாளோடு முடிந்துவிட வேண்டும். அதற்கப்புறம் ஈஸ்டர் வரைக்கும் தபசுகாலம்; அந்த நோன்பு நாட்களில் தாயக்கட்டையைப் பார்த்தால் அம்மா அடுப்பில் போட்டுவிடுவாள். சிலுவையடியில் சேவகர்கள் ஆடிய ஆட்டம் என்று அவளுக்கு அதன் மேல் அப்படி ஒரு வெறுப்பு.

ஆடியவர்கள் நாலு பேர். தர்மபுரியில் லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்த அண்ணன். பஸ் கண்டக்டரான பெரியப்பா மகன். கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்தவரின் மகன். இவர் அண்ணனின் சிநேகிதர், எங்களுக்கெல்லாம் பாய். நாலாவது நான். பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு, வராத வேலைக்குக் காத்திருந்தவள். ஆள் குறைகிறதே என்றுதான் என்னைச் சேர்த்தார்கள். சேர்த்தபோது இருந்த சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை.

முதல் வருஷம் மட்டும் தோற்றேன். அதற்கப்புறம் தொடர்ந்து ஆறு வருஷம் கோப்பை என்னிடம்தான் இருந்தது. கோப்பை என்பது பாய் கடையில் அடி நசுங்கியதால் விற்காமல் போன ஒரு எவர்சில்வர் சொம்பு. அதை நான் துலக்கித் துலக்கி வைத்திருந்த அழகைப் பார்த்தால் உங்களுக்கே பொறாமை வரும்.

இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆண்கள் மூவரும் தங்களுக்கு ஜெயித்துக் கொடுத்த ஆளைப் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு உருகுவார்கள். அவனுக்கு முப்பத்திரண்டு வயசாகி, உசுரெல்லாம் கரைந்து ஒன்றே மிஞ்சி, ஒற்றைத் தாயத்தில் போகும்வரை விடமாட்டார்கள். நான் இருபத்தொன்பதிலேயே தள்ளிவிடுவேன். மூன்று உசுருடன் ஜம்மென்று இருக்கிறவனைக் கொடுத்து, பதினெட்டு வயசுப் பொடியன்கள் இரண்டு பேரை வாங்குவேன்.

"தொட்டில் புள்ளைங்கள வெச்சிக்கிட்டு இது என்னா பண்ணப் போவுது?" என்பார் கண்டக்டர் அண்ணன். அந்தத் தொட்டில் பிள்ளைகள் வளர்ந்து அவரை உதைக்கும்போது, அடுத்த சந்தையில் அதே தப்பைத் திரும்பச் செய்வார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

நடுவில் கொஞ்ச காலம் எங்களோடு ஐந்தாவதாக ஒருவர் ஆடினார். பெங்களூரில் வேலை கிடைத்ததும் தன் ஆறு சீட்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். நல்ல ஆட்டக்காரர்கள் ஆறு பேர் ஒரேயடியாகத் தொலைந்தார்கள். அன்று ஆத்திரத்தில் ஒரு ரூல் போட்டோம். ஊரை விட்டுப் போகிறவர் வெறுங்கையோடு போக வேண்டும். அவர் அணியை இருப்பவர்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். எல்லாரும் தலையாட்டினோம், நானும்தான். அந்த அறையில் ஒருநாள் நிச்சயமாக ஊரை விட்டுப் போகப் போகிறவள் நான் ஒருத்திதான் என்பது அவர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஏழாவது கோப்பைக்கான ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தபோது கம்பைநல்லூரிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பருப்பு மண்டி. அமைதியானவர், கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்பா அம்மாவிடம் சொன்னதுதான் என் காதில் விழுந்து உறுத்தியது.

"நல்ல எடம். இன்னும் ரெண்டு வருசம் போனா இப்பிடி ஒண்ணு வராது. கேக்கும்போதே குடுத்துடணும்."

ஒவ்வொரு சந்தையிலும் நான் எனக்குள் சொல்லிக்கொள்வது அதுதான். எனக்கு அப்போது இருபத்து நாலு முடிந்திருந்தது. சீட்டுகளை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றும்போது சீட்டு என்ன நினைக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. அன்று யோசித்தேன். ரொம்பக் கோபமாக இருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஈஸ்டர் கழிந்து கல்யாணம் என்று முடிவானது. அடுத்த ஆட்டத்துக்கு உட்கார்ந்ததுமே கண்டக்டர் அண்ணன் பேச்சை எடுத்தார்.

"அப்ப இந்தப் புள்ளயோட டீமு நமக்குத்தான். ஆளுக்கு ரெண்டு."

எனக்குச் சுருக்கென்றது. "நான் குடுக்க மாட்டேன்" என்றேன்.

"ரூல் போட்டப்ப நீயும்தான தலையாட்டுன?" என்றான் அண்ணன். "கம்பைநல்லூர்ல யாரோட ஆடுவ? மாமியாரோடவா?"

"யாரோடவோ ஆடுறேன். ஆடாம பொட்டில வெச்சிப் பூட்டுறேன். என்னுது என்னுதுதான்."

வாக்குவாதம் நீண்டது. கடைசியில் பாய்தான் ஒரு வழி சொன்னார். இந்த வருஷக் கோப்பையையும் நானே ஜெயித்தால் அணி என்னோடு வரும். தோற்றால் ரூல்படி பங்கு. அண்ணன் கொஞ்சம் யோசித்துச் சம்மதித்தான். கண்டக்டர் அண்ணன் முனகிக்கொண்டே சம்மதித்தார்.

இறுதி ஆட்டம் எனக்கும் அண்ணனுக்கும். விபூதிப் புதனுக்கு முந்தின நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்தோம். பாய் அம்பயர். கண்டக்டர் அண்ணன் டியூட்டியை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வேடிக்கை பார்க்கிற இரண்டு பேருக்குமே நான் தோற்றால் லாபம்.

முதலில் ஆடிய அண்ணன் அன்று எதை உருட்டினாலும் ரன்னாக விழுந்தது. அவனுடைய கிழட்டு ஆட்கள்கூட நின்று ஆடினார்கள். நான் ஆடத் தொடங்கியபோது முதல் இரண்டு பேர் மளமளவென்று போனார்கள். மூன்றாவதாக இறங்கியவன்தான் என் அணியின் தூண். இருபத்தெட்டு வயசு, மூன்று உசுரு. அவன் நின்றான். உருட்டி உருட்டி என் மணிக்கட்டு வலித்தது. அவன் போனபோது அண்ணனின் கணக்கை நெருங்கியிருந்தேன். அடுத்த இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்துவிட்டுப் போனார்கள். மிச்சம் ஒரே ஒரு பொடியன், ஒரே ஒரு உசுரு. ஜெயிக்க நாலு ரன் வேண்டும்.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "கட்டைய எடுத்து வைங்க. சாயங்கால செபத்துக்கு ஆளுங்க வருவாங்க" என்றாள்.

உருட்டினேன். ஒரு கட்டை மூன்று காட்டி நின்றது. மற்றது உருண்டு போய் ஜமுக்காளத்தின் மடிப்பில் சாய்ந்து, இரண்டு காட்டியது. ஐந்து. நான் எழுந்தே விட்டேன்.

"இரு" என்றார் பாய்.

குனிந்து தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்துப் பார்த்தார். கட்டை படுத்து நிற்க வேண்டும்; சாய்ந்து நின்றால் கணக்கில் வராது. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். கண்டக்டர் அண்ணனும் குனிந்தார். அண்ணன் குனியவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"செல்லாது தங்கச்சி. சாஞ்சி நிக்குது."

"நல்லாப் பாருங்க பாய். படுத்துதான் இருக்குது."

"பாத்துட்டேன்மா. செல்லாது. மறுபடி உருட்டு."

ஆளுக்கு இரண்டு சீட்டுக்கு ஆசைப்பட்டுச் சொல்கிறீர்கள் என்று கத்தினேன். அவர் கட்டைகளை எடுத்து என் முன்னால் வைத்தார். உருட்டினேன். ஒன்றும் சைபரும். தாயம்.

என் கடைசி உசுரும் போச்சு, கோப்பையும் போச்சு. முதலில் யார் எடுப்பது என்று மூவரும் கட்டை உருட்டிப் பார்த்தார்கள். தண்ணீர்ச் சொம்போடு வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இப்பிடித்தான் சிலுவையடியில ஆண்டவரோட அங்கிக்கும் சீட்டுப் போட்டானுங்க" என்று தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போனாள். அண்ணனுக்கு முதல் வாய்ப்பு விழுந்தது. என் மூன்றாம் ஆளை எடுத்துக்கொண்டான். நான் எழுந்து போயிருக்கலாம். போகாமல் கடைசிச் சீட்டு போகும்வரை உட்கார்ந்து பார்த்தேன். நான் பார்க்கிறேன் என்று அவர்களுக்கு உறைக்க வேண்டும் என்ற வீம்பு.

தபசுகாலம் முழுக்க நான் பாயோடு பேசவில்லை. ஒருநாள் அவரே வாசலில் நின்று சொன்னார்.

"செல்லும்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு நிமிசம் ஆவாது தங்கச்சி. ஆனா முன்ன நீ ஜெயிச்சதுக்கெல்லாம் நான்தான் அம்பயரு. இதுல பொய் சொன்னா அதெல்லாம் என்னாவும்?"

நியாயம்தான். நியாயமாக இருந்ததால் கோபம் இன்னும் கூடியதே தவிரக் குறையவில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பூசை, விருந்து, போட்டோ எல்லாம் முடிந்து, கம்பைநல்லூர் போக அம்பாசிடர் கார் வந்து நின்றது. அம்மா அழுதாள், அத்தைமார் அழுதார்கள், நானும் அழுதுகொண்டே ஏறி உட்கார்ந்தேன். அப்பா தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். மாப்பிள்ளை காரின் அந்தப் பக்கமாகப் போய்ப் பெரியவர்களிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தார். அண்ணன் கண்களெல்லாம் சிவக்க ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டான். ஆறுதல் சொல்கிறான் என்று கூட்டம் இன்னும் சத்தமாக அழுதது.

அவன் என் காதருகே குனிந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்.

"பாப்பா, வர்ற பொங்கலுக்கு உன் மூணாம் ஆளுக்கு இருபத்தொம்பது ஆவுது. வெச்சிக்கவா, தள்ளவா?"

என் அழுகை அப்படியே நின்றுவிட்டது. ஆறு பேரையும் பிடுங்கிப் பங்கு போட்டாயிற்று. இப்போது மூளையையும் கேட்கிறான், அதுவும் இந்த நேரத்தில். அறையலாம் போல இருந்தது. அடுத்த கணமே, இந்த ஊரில் பேரம் பேச எனக்கு இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது என்று புரிந்தது.

"சொல்லணும்னா ரூல மாத்து" என்றேன்.

"என்னாது?"

"வெளியூர் போனாலும் ஆடலாம்னு மாத்து. எனக்கு ஆறு சீட்டு. எல்லாம் பதினெட்டு வயசு, ஒத்த உசுரு போதும். உங்க ஆளு ஒருத்தனும் எனக்கு வாணாம்."

"இதுக்கு மூணு பேரும் ஒத்துக்கணுமே."

"ரெண்டு பேரும் அங்கதான் நிக்கிறாங்க. போயிக் கேளு."

டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டான். மாப்பிள்ளை ஏறிக் கதவைச் சாத்தி, அந்தப் பக்க ஜன்னல் வழியாகப் பெரியவர்களுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் கூட்டத்துக்குள் புகுந்து போனான். கண்டக்டர் அண்ணன் இடுப்பில் கை வைத்து ஏதோ மறுத்துப் பேசுவது தெரிந்தது. பாய் அவர் தோளில் கை போட்டு என்னவோ சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, ஒரு தடவை தலையசைத்தார். கண்டக்டர் அண்ணன் வானத்தைப் பார்த்துவிட்டு, அவரும் அசைத்தார். வண்டி நகரத் தொடங்கியிருந்தது. அண்ணன் கூடவே ஓடி வந்தான்.

"ஒத்துக்கிட்டாங்க. சொல்லு."

"தள்ளிடு" என்றேன்.

"மூணு உசுரு இருக்குதே பாப்பா."

"அதனாலதான் சொல்றேன். நம்பறதுன்னா நம்பு."

அவன் நின்றுவிட்டான். கார் தெரு முனை திரும்பி மெயின் ரோட்டைப் பிடித்தது. கொஞ்ச தூரம் போனதும் பக்கத்தில் இருந்தவர் கைக்குட்டையை நீட்டிவிட்டு, "மச்சான் ரொம்பத்தான் கலங்கிட்டாரு. என்னா சொன்னாரு?" என்று கேட்டார்.

"பொங்கலுக்கு வரச் சொன்னாருங்க" என்றேன்.