உப்பில் போட்ட கட்டி

1. லேபுக்கு வராத ஸ்பெசிமன்

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வர வேண்டிய கட்டி மறுநாள் காலை வரைக்கும் லேபுக்கு வரவில்லை. முந்தின நாள் மத்தியானமே பெரிய ஜாடியில், சதை கெடாமலிருக்க ஃபார்மலின் ஊற்றி மேஜைமேல் தயாராக வைத்திருந்தேன். கட்டிக்குச் சொந்தக்காரர் சூசை, சங்கு குளிக்கிறவர். கட்டி இருந்தது அவருடைய வலது தொடையில்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. நான் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். சொந்த ஊர் சாயர்புரம். வெள்ளைக் கோட்டு போட்ட பெண்பிள்ளை யாராக இருந்தாலும் எங்கள் ஆஸ்பத்திரியில் 'சிஸ்டர்'தான். நான் நர்ஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்து, கடைசியில் விட்டுவிட்டேன்.

சர்ஜன் டாக்டர் நெல்லையப்பன் ரவுண்ட்ஸ் முடித்து நேராக லேபுக்கே வந்துவிட்டார்.

"சூசையோட ஸ்பெசிமன் எங்கம்மா?"

"வரவே இல்லையே சார்."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சாதாரணக் கொழுப்புக் கட்டின்னு நெனச்சுத்தான் திறந்தேன். சதைக்கு அடியில ஆழத்துல கெடந்துச்சு. மேலாப்புல அங்கங்க வெள்ளையா, கெட்டியா இருக்கு. சார்க்கோமாவா இருக்குமோன்னு பயமா இருக்கு. என்னன்னே தெரியாம அந்தக் காலை விட்டுவைக்க எனக்குத் தைரியம் இல்லம்மா. ஸ்லைடு இல்லைன்னா இடுப்போட எடுத்திர வேண்டியதுதான்."

ஒற்றைக் காலோடு சங்கு குளிக்க முடியாது. சூசைக்கு வேறு வேலையும் தெரியாது.

இளையவர்களுக்காக இங்கே கொஞ்சம் பாடம். கேன்சர் என்று நாம் அதிகம் பார்ப்பது வாய், வயிறு, கர்ப்பப்பை வாய் போன்ற இடங்களின் மேலுறையிலும் சுரப்பிகளிலும் வருவது. அது கார்சினோமா. உடம்பைத் தாங்கிப் பிடிக்கிற கொழுப்பு, தசை, நார், எலும்பு, குருத்தெலும்பு ஆகியவற்றில் கிளம்புவது சார்க்கோமா. அபூர்வமாகத்தான் வரும். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலிக்காததால் யாரும் அதைச் சட்டை செய்வதுமில்லை. சூசையிடம் இத்தனை காலம் ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எங்கள் லேபில் ரொம்ப நாள் ஓடியது.

"வலிச்சாத்தான சிஸ்டர் ஆஸ்பத்திரிக்கு வரணும்? வள்ளத்துல உக்காந்தா, சங்குப் பையச் சாச்சு வைக்க அது தோதாவும் இருந்துச்சு."

வள்ளத்தின் விளிம்பு இடித்ததால் வந்த கட்டி என்று அவர் நம்பினார். இடித்ததால் சார்க்கோமா வருவதில்லை. இடித்த இடத்தைத் தடவும்போது, ஏற்கெனவே இருக்கிற கட்டி கையில் தட்டுப்படும், அவ்வளவுதான்.

2. தட்டும் மச்சானும்

எங்கள் தியேட்டரில் ஒரு வழக்கம். கல்லோ, கட்டியோ, எடுத்ததைத் தட்டில் வைத்து வெளியே நிற்கும் சொந்தக்காரர்களிடம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஆபரேஷன் நடந்ததாகவே அவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பார்த்த பிறகு அவர்களே தட்டை லேபுக்குத் தூக்கி வருவார்கள்.

சூசையின் கட்டியை வாங்கியது அவருடைய மச்சான் கஸ்பார். கருவாடு போடுகிற தொழில். "லேபுக்குத்தான் கொண்டுபோறாருன்னு நெனச்சேன்" என்றார் தியேட்டர் அட்டெண்டர். கஸ்பார் அதை ஒரு துண்டில் பொதிந்து, கும்பிடு போட்டுவிட்டு, வெளிக்கேட்டைத் தாண்டிப் போயிருக்கிறார்.

வார்டில் சூசை சாவகாசமாகப் படுத்திருந்தார். "எங்கய்யா உம்ம கட்டி?" என்றேன்.

"அத இன்னிக்கு அடக்கம் பண்ணுதாங்க சிஸ்டர். நானும் போயிருக்கணும். டாக்டர் எந்திரிக்க விடமாட்டேங்காரு."

3. அடக்கம்

ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு சைக்கிள் ரிக்‌ஷாவில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ரிக்‌ஷாக்காரர் ஃபார்மலின் நெடி தாங்காமல் வழியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே மிதித்தார்.

அங்கே ஒரு சின்னக் குழி, ஒரு சின்னப் பெட்டி, தலைமாட்டில் ஊன்றத் தயாராக ஒரு மரக் குருசு. சூசையின் மனைவி பிலோமினா முக்காடு போட்டு நின்றாள். பங்குச் சாமியார் செபப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவருக்கு உயிர் வந்தது.

"வாங்கம்மா. பச்சப் புள்ளைன்னு நெனச்சு வந்தேன். வந்த பொறவு தொடைக் கட்டிங்காங்க. இதுல பெரியவங்க அடக்கம் இருக்கு, சிசு அடக்கம் இருக்கு. இதுக்கு எதப் படிக்கதுன்னு தெரியல."

கஸ்பார் விடவில்லை. "ஞானஸ்நானம் வாங்குன உடம்புல உள்ளதுதான சாமி? மந்திரிச்ச மண்ணுக்குத்தான் போவணும். கடைசி நாள்ல செத்தவங்க எல்லாம் எழும்பும்போது, எம் மச்சான் தொடையில குழியோடயா எழும்புவான்?"

"பெட்டியத் திறங்க அண்ணாச்சி. அது லேபுக்கு வரணும்" என்றேன்.

திறந்தார். உள்ளே வெள்ளை வெளேர் என்று உப்பு. உப்பு நீரை உறிஞ்சினால் செல்கள் சுருங்கிவிடும், ஸ்லைடில் ஒன்றும் தெரியாது.

"நேத்து சாமி மணப்பாடு போயிட்டாரு" என்றார் கஸ்பார். "வெயில்ல நாறிப்போவும்லா? நல்ல கல்லுப்பா பாத்து, பானையில அமுக்கி வச்சேன். சீலா மீனுக்குக்கூட நா இவ்வளவு நல்ல உப்பு போட்டதில்ல."

"கீறினீங்களா?"

"மனுச உடம்பக் கீறலாமா? முழுசாத்தான் போட்டேன்."

பெரிய மீன் என்றால் கீறி உள்ளேயும் உப்பைத் திணித்திருப்பார். அப்படிச் செய்யாததால் நடுப்பகுதி ஒருவேளை பிழைத்திருக்கலாம். விஷயத்தைச் சொன்னேன். இந்தக் கட்டி என்ன வகை என்று தெரியாவிட்டால், டாக்டர் சூசையின் காலையே எடுத்துவிடுவார்.

கஸ்பார் குழியை ஒரு பார்வை பார்த்தார். "முழுக் காலா? அப்ப பெரிய பெட்டில்லா செய்யணும்."

பிலோமினா குனிந்து பெட்டியைத் தூக்கி என்னிடம் நீட்டினாள். "கடைசி நாள்ல எழும்புகது இருக்கட்டும் அண்ணே. அதுக்கு முந்தி அவரு எந்திரிச்சு நடக்கணும். கொண்டுபோங்க சிஸ்டர்."

சாமியார் புத்தகத்தை மூடி, வந்ததற்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லிவிட்டுப் போனார்.

4. நடுத்துண்டு

கட்டியைக் கழுவி, நறுக்கி, ஃபார்மலினில் ஊறவைத்து, பாரஃபின் பிளாக் செய்து, மைக்ரோடோமில் சீவி, ஸ்டெயின் போட்டேன். உப்பு உறிஞ்சிவிட்டதால் ஓரத்து ஸ்லைடுகளில் செல்கள் எல்லாம் சுருங்கிக் கருகிக் கிடந்தன. ஸ்லைடு போட்டுக் கருவாட்டைப் பார்த்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். நடுத்துண்டு ஸ்லைடுகளைப் பத்தாலஜி டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுப்பதாக இல்லை. நான் எத்தனை தடவை ஜெபம் செய்தேன் என்று கேட்காதீர்கள்.

"சார்க்கோமாதான்" என்றார் கடைசியில். "கொழுப்புல கிளம்புற ஜாதி, லைப்போசார்க்கோமா. ஆனா நல்லவேளை, மெதுவா வளருற ரகம். இருந்த இடத்துலயே திரும்ப வரப் பாக்கும், வேற இடத்துக்குப் பரவுறது குறைவு. கால் எடுக்க வேண்டாம். ஆனா மார்ஜின்ல, அதாவது வெட்டின ஓரத்துல, மிச்சம் இருக்கான்னு என்னால சொல்ல முடியாது. ஓரமெல்லாம் ஊறுகாயா இருக்கு."

ஆகவே டாக்டர் நெல்லையப்பன் மறுபடி திறந்து, கட்டி இருந்த இடத்தைச் சுற்றிலும் நல்ல சதையோடு சேர்த்து எடுத்தார். இந்தத் தடவை தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, எதிரே வந்தவர்களையெல்லாம் "ஏலே, தள்ளு" என்று விலக்கிக்கொண்டு லேபுக்கு வந்தவர் கஸ்பார்தான்.

"இந்தாங்க சிஸ்டர். உப்பு போடல" என்று சொல்லிவிட்டு, நான் ஜாடியை மூடுகிற வரைக்கும் நம்பிக்கையில்லாமல் வாசலிலேயே நின்றார். மார்ஜின் சுத்தமாக இருந்தது. அதைச் சொன்னபோது பிலோமினா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

5. மிச்சம்

பிளாக்குகள் போக மீதியைத் திருப்பிக் கொடுத்தோம். எல்லாம் அதே குழிக்குப் போனது. குருசில் சூசை என்று பெயர் எழுதி, பிறந்த தேதி போட்டு, இறந்த தேதிக்கு இடம் விட்டிருந்தார்கள். சூசை மறுபடி சங்கு குளிக்கப் போனார். கால் கொஞ்சம் இழுத்தது, தண்ணீருக்குள் அது தெரியவில்லை என்றார்.

அந்த ஆஸ்பத்திரியில் நான் கற்றுக்கொண்டது இதுதான். ஆழத்தில் இருந்து வளர்கிற கட்டியை, வலிக்கவில்லை என்பதற்காக விட்டுவைக்காதீர்கள். முதலில் சின்னத் துண்டு பயாப்ஸி, பிறகுதான் பெரிய கத்தி. கட்டியைச் சொந்தக்காரர் கையில் கொடுக்கும்போது, அது எதற்காக எங்கே போகிறது என்பதை அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால், அவர்கள் தங்களுக்குத் தெரிந்த மரியாதையை அதற்குச் செய்துவிடுவார்கள்.

பின்னொரு வருஷம், இறந்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிற கல்லறைத் திருநாளில் அந்தப் பக்கம் போனேன். சூசை அந்தக் குருசுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, தனக்குத்தானே மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்ன சூசை, உமக்கே நீரா?"

அவர் திரி அணையாமல் கையால் காற்றை மறைத்துக்கொண்டே சொன்னார்: "கொஞ்சத்த முந்தி அனுப்பியாச்சு சிஸ்டர். மிச்சம் மெதுவா வரட்டும்."