பொட்டு வைத்த பெட்டி

அமெரிக்காவில், காப்பெல் என்ற ஊரில் நாங்கள் வாங்கிய வீட்டின் வாசல் நிலையில், விரல் நீளத்துக்கு ஒரு உலோகப் பெட்டி சாய்வாகப் பொருத்தியிருந்தது. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போனது. வெள்ளிக்கிழமைதோறும் நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கும் அம்மா, அதை மட்டும் விட்டுவைப்பானேன் என்று அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிடுவாள். எதிர்வீட்டு ஆன்ட்டி ஒருநாள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அவர்கள் யூதர்கள், அவர்கள் வாசலிலும் அதே மாதிரி ஒன்று உண்டு. உள்ளே அவர்களுடைய வேத வரிகள் இருப்பதாகவும், வேண்டாமென்றால் தானே கழற்றி எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். சாமி சமாச்சாரம் என்று தெரிந்த பிறகு அம்மா விடுவாளா? பொட்டு இன்னும் கொஞ்சம் பெரிதானது.

எனக்கு எட்டு வயதிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் எங்கள் கராஜ் கதவு முழுக்கக் கறுப்புப் பெயின்ட். யூதர்களை ஊரைவிட்டுப் போகச் சொல்லி, வீட்டில் யாரும் வாயெடுத்துச் சொல்லாத ஒரு வார்த்தையோடு எழுதியிருந்தது. அம்மா என்னை உள்ளே போகச் சொன்னாள். நான் போகவில்லை.

அப்பா பயந்துபோனார். பயம் வந்தால் அவருக்குப் பேச்சு அதிகமாகிவிடும். வந்த போலீஸ்காரரிடம், நாயோடு நடந்து போனவர்களிடம் எல்லாம், நாங்கள் இந்தியர்கள், யூதர்கள் இல்லை, வீடு மாறி எழுதிவிட்டார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தார். பக்கெட்டும் பிரஷ்ஷுமாகத் தேய்க்க வந்த எதிர்வீட்டு ஆன்ட்டியிடமும் அதையே சொன்னார். ஆன்ட்டி தலையசைத்துவிட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார். எனக்கோ அப்பா சொன்னதைக் கேட்டு அப்பாடா என்று இருந்தது.

சாயங்காலம் அப்பா ஸ்க்ரூடிரைவரோடு வாசலுக்கு வந்தார். அம்மா நிலையை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இதப் பாத்துதான் எழுதியிருக்கான். குழந்த இருக்கற வீடு. எதுக்கு ரிஸ்க்?" என்றார் அப்பா.

"கழட்டாதீங்க."

"நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், சொல்லு."

"இதக் கழட்டிட்டா இந்தத் தெருவுல அவங்க வீடு மட்டும்தான் மிச்சம்."

அப்பா திரும்பி எதிர்வீட்டைப் பார்த்தார். பிறகு ஸ்க்ரூடிரைவரோடு உள்ளே போய்விட்டார். பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

எனக்கு அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது. அவர்கள் வீடு மட்டும் மிச்சம் என்றால் நல்லதுதானே, அடுத்த முறை வருகிறவன் வீடு மாறிப் போக மாட்டானே என்றுதான் எனக்குத் தோன்றியது.