பலகையில் முடுக்கிய சீட்டு

நம் தேயிலைத் தோட்ட லயத்துப் பெண்களுக்கு எழுதுகிறேன். படித்து முடித்ததும் தாளை அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள்.

இன்று மூணாறு கடைக்குப் போகும் வழியில் பட்டறை வாசலில் நின்றுவிட்டேன். ஒரு குடும்பம் வண்டிக்குள்ளேயே படுத்து, சமைத்துப் பழனிக்குப் போய்வர ஒரு பழைய வேனைத் தயார் செய்கிறார்கள். மெக்கானிக் முருகேசன் வேனின் தரைக்குப் பலகை விரித்து, அதிலேயே சீட்டைத் திருகாணியால் முடுக்கிக்கொண்டிருந்தான்.

"தம்பி, அடிச்சட்டம் வரைக்கும் போல்ட்டு எறங்கலயே" என்றேன்.

"யக்கா எப்பப் பட்டறையில சேந்தீக?" என்று சிரித்தான்.

அந்தக் குடும்பத்து வேன்காரரும், "ஒரு நடைக்குத்தானம்மா, இது போதும்" என்றார்.

என் வீட்டுக்காரரும் தேவிகுளத்துக்கு ஒரு நடைதான் போனார். வளைவில் டிரைவர் பிரேக் போட்டதும் சீட்டு அவரோடு பிய்ந்து முன்னால் போய் மோதியது. அதோடு அவர் போய்விட்டார். பிறகு அந்த வேனைப் போய்ப் பார்த்தேன். நான்கு திருகாணியும் நன்றாகத்தான் இருந்தன. பலகைதான் பிளந்திருந்தது.

இதைச் சொன்னேன். முருகேசன் சீட்டைக் கழற்றி, சட்டத்தில் துளை போட்டு, அடியில் இரும்புத் தகடு கொடுத்து, போல்ட்டு முடுக்கினான்.

"இப்ப உக்காந்து பாருங்கக்கா."

உட்கார்ந்து இரண்டு கையாலும் இழுத்தேன். அசையவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அரை மணிகூட ஆகாத வேலை அது.

வேன்காரர் என்னையும் பழனிக்குக் கூப்பிடுகிறார். நானே இழுத்துப் பார்த்த சீட்டுத்தான். ஆனாலும் என் வீட்டுக்காரர் போனபின் நான் எந்த வண்டியிலும் பயணம் போனதில்லை, கடைக்கும் நடந்துதான் போகிறேன். போகட்டுமா, நீங்களே சொல்லுங்கள்.