ஆரணியில் மாற்றிய பிரேக் டிஸ்க்

2005 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நானும் என் மனைவி சரோஜாவும் ஆரணிக்குப் போனோம். என் தங்கை மகளுக்கு ஏப்ரலில் கல்யாணம். முகூர்த்தப் புடவை ஏற்கெனவே எடுத்தாயிற்று. சம்பந்தி வீட்டுப் பெண்களுக்குக் கொடுக்கவேண்டிய எட்டுப் பட்டுப்புடவைகளை ஆரணியில் எடுத்தால் விலை கொஞ்சம் இறங்கும் என்பது சரோஜாவின் கணக்கு. எனக்கு வேறொரு காரணம். ஆரணியிலிருந்து இருபது கிலோமீட்டர் போனால் திருமலை; சமணக் கோயிலும் குகைகளும் இருக்கும் குன்று. செய்தியாளனாக இந்தப் பக்கம் எத்தனையோ தடவை வந்திருக்கிறேன், அந்தப் படியில் ஏறியதில்லை.

வாடகைக் காரில் இதே வழியில் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புடவையைப் பற்றிக் குறைவாகவும் பிரேக்கைப் பற்றி அதிகமாகவும் இருக்கும்.

போரூரில் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு டிராவல்ஸில் டீசல் கார் சொல்லியிருந்தோம். கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய், டிரைவர் பேட்டா நூற்றைம்பது. காலை ஐந்தே முக்காலுக்கு வண்டி வந்தது. டிரைவர் பெயர் ஏழுமலை. வயது நாற்பதுக்குள் இருக்கும், ஒல்லியான ஆள், சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. சொந்த ஊர் ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டு என்றும், ஆறு வருடமாக இந்த ஓனரிடம் ஓட்டுவதாகவும் சொன்னார். வழி கேட்க வேண்டியிருக்காது என்று எனக்கு நிம்மதி.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் சரோஜா என் முழங்கையை இடித்தாள். "அந்தக் கண்ணாடியப் பாருங்க" என்றாள் மெதுவாக. உள்ளே மாட்டியிருக்கும் கண்ணாடி பின்னால் வரும் சாலையைக் காட்டவில்லை. எங்கள் முகத்தைக் காட்டியது. நாங்கள் பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் அதில் ஏழுமலையின் கண்கள் வந்து போயின. சரோஜா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். நானும் அதை நல்லவிதமாக எடுத்துக்கொள்ளவில்லை.

காஞ்சிபுரத்தில் இட்லி, காபி. அங்கிருந்து செய்யாறு வரை சாலை சுமார்தான். சத்தம் செய்யாறு ஊருக்குள் ஆரம்பித்தது. பிரேக்கை லேசாக மிதிக்கும்போது முன்பக்கத்திலிருந்து மெல்லிய கீச்சொலி. காலை வேளையில் தூசி ஒட்டியிருக்கும், சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். ஆகவில்லை. ஊர் தாண்டி எட்டு கிலோமீட்டரில் ஓர் ஆட்டு மந்தை சாலையைக் கடந்தது. ஏழுமலை அழுத்தி மிதித்தார். தகரத்தைச் சிமெண்ட் தரையில் வைத்து இழுத்தது போன்ற சத்தம். சாலையோர டீக்கடையில் இருந்த நாலு பேரும் திரும்பினார்கள். வண்டி நின்றபோது கடைசி ஆட்டுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கலாம்.

"பிரேக் ரொம்ப சத்தம் போடுதே ஏழுமலை" என்றேன்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "சத்தமா? ஒண்ணும் இல்லியே சார். வண்டி நல்லா நிக்குது."

இந்தப் பதிலை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். முதலாளிக்குப் பயந்து பேசுகிறவர்கள் இப்படித்தான் நேராக முகத்தைப் பார்த்துச் சொல்வார்கள். பொய் என்று முடிவு செய்தேன். ஆரணியில் மெக்கானிக்கிடம் காட்டாமல் ஒரு அடி நகரக்கூடாது என்றேன். "சரிங்க சார்" என்றார். முகம் கறுத்துவிட்டது.

ஒன்பதரைக்கு ஆரணி. போரூரிலிருந்து மீட்டரில் நூற்று முப்பத்தெட்டு. சரோஜாவைப் புடவைக் கடையில் இறக்கிவிட்டு, ஏழுமலைக்குத் தெரிந்த ஒரு ஒர்க் ஷாப்புக்குப் போனோம். இரண்டு பக்கமும் விசைத்தறிக் கொட்டகைகள் இருக்கும் தெரு. தறிகள் ஓடிக்கொண்டிருந்ததால் பேச்சு எல்லாமே கத்தல்தான். மெக்கானிக் தாஸுக்கு முப்பது வயது இருக்கும், வாய் ஓயாத ஆள். ஜாக்கி போட்டு இடது முன்சக்கரத்தைக் கழற்றியவர் உள்ளே குனிந்து பார்த்துவிட்டு ஏழுமலை பக்கம் திரும்பினார்.

"இன்னாணே, வண்டி ஓட்டிகினு வந்தியா, இட்லிக்கு மாவு ஆட்டிகினு வந்தியா? பேடே இல்ல. இரும்பும் இரும்பும் தேச்சிகினு இருக்குது."

டிஸ்கைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பிரேக் மிதிக்கும்போது பேட் என்கிற உராய்வுக் கட்டைகள் கவ்விப் பிடிக்கும் இரும்புத் தட்டு அது. வழவழப்பாக இருக்கவேண்டியது, இதில் நகம் மாட்டும் ஆழத்துக்கு வரி வரியாகப் பள்ளம். ஓரத்தில் கத்தி போல விளிம்பு. வலதுபுறமும் அப்படியே.

லேத் பட்டறையில் கொடுத்துச் சீவினால் போதாதா என்று கேட்டேன். தாஸ் அளந்து காட்டினார். டிஸ்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கிறது. இப்போதே அந்த அளவுக்கு வந்துவிட்டது, சீவினால் அதற்கும் கீழே போகும். சூட்டில் விரிசல் விடும். இரண்டு டிஸ்கும் புதிதாகப் போடவேண்டும். ஆரணியில் இல்லை, வேலூரிலிருந்து பஸ்ஸில் போட்டனுப்பச் சொல்லவேண்டும்.

டிராவல்ஸ் ஓனருக்கு என் செல்போனிலிருந்து பேசினேன். பேட் மட்டும் மாற்றினால் போதும் என்றார். பள்ளம் விழுந்த டிஸ்கில் புதுப் பேட் போட்டால் அதுவும் தின்றுவிடும் என்றேன். கொஞ்சம் முனகிவிட்டு ஒப்புக்கொண்டார். டிஸ்க் இரண்டும் ஆயிரத்து எண்ணூறு, பேட் அறுநூற்றைம்பது, கூலி முந்நூறு, வாடகையில் கழித்துக்கொள்ளலாம். "நாளைக்கு அந்த வண்டி ஏலகிரிக்குப் போவணும் சார், ஒரு ஃபேமிலி, நாலு கொழந்தைங்க. ராத்திரி வண்டி வந்தாவணும்" என்றார். பிறகு, "இவ்ளோ தேஞ்சிருக்குது, சத்தம் வந்துருக்குமே. அவன் ஏன் எங்கிட்ட சொல்லல? கேட்டு வையுங்க சார்" என்றார்.

டிஸ்க் வர மதியம் ஆகும். சரோஜா கடையிலிருந்து எழுந்து வருவதாக இல்லை. நான் மட்டும் போளூர் பஸ்ஸில் ஏறி, வடமாதிமங்கலத்தில் இறங்கி, ஆட்டோவில் திருமலைக்குப் போனேன். ஆட்டோ காத்திருந்து திரும்ப அறுபது ரூபாய். அடிவாரத்தில் பழைய ஜினாலயம். சாவி வைத்திருப்பவரைப் பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிட வேண்டும். குகைச் சுவர்களில் ஓவியம் பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பதைப் பார்க்க டார்ச் கொண்டு போங்கள். மேலே ஒரே பாறையில் செதுக்கிய நேமிநாதர் நிற்கிறார். உச்சி வெயிலில் படி சுட்டது. நின்று பார்க்கவேண்டிய இடம்தான், ஆனால் என் மனம் அங்கே இல்லை. ஆட்டுக்கும் பம்பருக்கும் நடுவிலிருந்த அந்த ஒரு முழத்திலேயே இருந்தது.

மூன்று மணிக்குத் திரும்பியபோது வேலை முடிந்திருந்தது. சரோஜாவும் இரண்டு பைகளோடு ஒர்க் ஷாப்பில் உட்கார்ந்திருந்தாள். "ஓட்டிப் பாத்துடலாம்" என்றார் தாஸ். ஏழுமலை ஓட்ட, தாஸ் பக்கத்தில், நாங்கள் பின்னால். சேத்துப்பட்டு சாலையில் ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனோம்.

"புது பேட் ஒக்கார்ற வரைக்கும் கொஞ்சம் கீச்சுன்னும். சத்தம் வர்றப்ப எல்லாம் கைய தூக்குணே, எந்த வேகத்துல வருதுன்னு பாக்கணும்" என்றார் தாஸ்.

ஏழுமலை பிரேக்கைத் தொட்டார். கீச். தாஸின் முகம் சுளித்தது. ஏழுமலை கையைத் தூக்கினார். மறுபடி தொட்டார், மறுபடி சுளிப்பு, மறுபடி கை. மூன்றாவது தடவை தாஸ் முகத்தை ஜன்னலுக்கு வெளியே திருப்பிக்கொண்டார். கீச்சொலி நன்றாகக் கேட்டது. ஏழுமலை கை ஸ்டீரிங்கிலேயே இருந்தது. அடுத்த தடவையும் அப்படியே.

"ஓரமா நிறுத்துணே" என்றார் தாஸ், முகத்தைத் திருப்பாமலே. வண்டி நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அவர் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேராக இன்னொரு தடவை சொன்ன பிறகுதான் ஏழுமலை ஒதுக்கினார்.

"தறி ஷெட்டுல எத்தினி வருஷம் இருந்த?"

"பதினோரு வருஷம்."

"எங்க மச்சானுக்கும் இதேதான் சார்" என்று தாஸ் என்னிடம் திரும்பினார். "நாம பேசுறது கேக்கும். குக்கர் விசில் கேக்காது. செல்போன் பக்கத்துலயே அடிச்சிகினு இருக்கும், சட்டப் பாக்கெட்ட தடவிப் பாத்துகினு இருப்பாரு. எங்க தெருவுல வீட்டுக்கு ஒருத்தர் அப்படி."

ஏழுமலை இஞ்சினை நிறுத்தினார். நாங்கள் எல்லோரும் இறங்கினோம். கொட்டகைக்குள் பேச்சு எடுபடாது, வாயையும் கையையும் பார்த்தே பேசிப் பழகிவிட்டதாக ஏழுமலை சொன்னார். ஸ்டீரிங்கில் இரண்டு நாளாக ஒரு நடுக்கம் தெரிந்தது, சக்கரம் அலைன்மெண்ட் போயிருக்கும் என்று நினைத்தாராம். லைசென்ஸுக்கு டாக்டர் சான்றிதழ்? கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள், காதில் யாரும் எதுவும் வைத்துப் பார்க்கவில்லை.

"மூஞ்சி தெரிஞ்சா நீங்க சொல்றது சுத்தமா புரியும் சார். அதுக்குத்தான் கண்ணாடிய அப்படி வெச்சிருக்கேன். மேடம் தப்பா எடுத்துக்கினு இருப்பாங்க. மன்னிச்சிடுங்க மேடம்."

சரோஜா சாலையைப் பார்த்தாள்.

"லாரி ஹார்ன், பஸ் ஹார்ன் எல்லாம் கேக்கும் சார். இந்த மெல்லிசு கீச்சு சத்தந்தான் எட்டறதில்ல. ஆறு வருஷத்துல ஒரு கீறல் கிடையாது. ஓனரக் கேட்டுப் பாருங்க."

அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பின்னால் வரும் வண்டியைக் காட்டவேண்டிய கண்ணாடி இந்த வண்டியில் எங்களைக் காட்டிக்கொண்டிருக்கிறது. பிரேக் இரும்பில் இரும்பாகத் தேய்ந்தது அவருக்குத் தெரியவில்லை. நாளைக்கு ஏலகிரி, பதினாலு கொண்டை ஊசி வளைவு, நாலு குழந்தைகள். இன்றைக்கு நான் தற்செயலாக வண்டியில் இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து ஓனர் கூப்பிட்டார். மணிச் சத்தத்தில் நான் சட்டைப் பைக்குள் கை விடுவதைப் பார்த்ததும் ஏழுமலைக்கு யார் என்று புரிந்துவிட்டது.

"என்னங்க, பேட் மாத்தியாச்சுன்னு மட்டும் சொல்லுங்களேன்" என்றாள் சரோஜா. "மாசத்துக்கு ஒரு தடவ பிரேக்க செக் பண்ணச் சொல்லுங்க. அது போதாதா? ரெண்டு பொண்ணு படிக்குதாம் அவருக்கு, ஒர்க் ஷாப்புல சொன்னாங்க."

"நாளைக்குப் போற குழந்தைங்க?"

"அவருதான் ஆறு வருஷமா ஓட்டுறாரே."

நான் ஏழுமலையைப் பார்த்தேன். "நான் சொல்லித்தான் ஆகணும்" என்றேன்.

"சொன்னீங்கன்னா இந்த வண்டி இல்ல சார். எந்த வண்டியும் இல்ல. எங்க ஓனரு நாலு பேருகிட்ட சொல்லுவாரு." குரல் உயரவில்லை. கெஞ்சவும் இல்லை.

அவருக்கு முன்னாலேயே பேசினேன். வேலை முடிந்தது, வண்டி சரியாக இருக்கிறது என்றேன். ஏன் முன்பே சொல்லவில்லை என்று ஓனர் மறுபடி கேட்டார். மறைக்கவில்லை, அந்தச் சத்தம் அவருக்குக் கேட்காது என்றேன். காதைப் பரிசோதித்து, மருத்துவர் சொல்கிறபடி மெஷின் வைத்துக்கொண்டால் ஓட்டலாமா என்று பார்க்கும்படியும் சொன்னேன். ஓனருக்குக் குரல் ஏறிவிட்டது.

"காது கேக்காதவனா ஓட்டிகினு இருந்தான்? நல்ல பேஜார் சார் இது. சரி, பத்திரமா வந்து சேருங்க. வண்டிய ஆபீஸ்ல வுட்டுட்டு சாவியக் குடுத்துடச் சொல்லுங்க."

மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சொன்னதை ஏழுமலையிடம் அப்படியே சொன்னேன். தலையாட்டிவிட்டு இஞ்சினைக் கிளப்பினார்.

முள்ளிப்பட்டில் உறவினர்களை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறீர்களா என்று சரோஜா கேட்டாள். "இந்த மூஞ்சோட எதுக்கு மேடம்" என்றார். தாஸை ஒர்க் ஷாப்பில் இறக்கிவிட்டு, நாலரைக்குக் கிளம்பி எட்டே காலுக்குப் போரூர் வந்தோம். பிரேக் நன்றாகப் பிடித்தது. செய்யாறு தாண்டுவதற்குள் கீச்சொலியும் நின்றுவிட்டது. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. புடவைப் பைகளை வாசல் வரை அவரே கொண்டுவந்து வைத்தார். பேட்டாவோடு முந்நூறு சேர்த்துக் கொடுத்தேன். நூற்றைம்பதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

இனி போகிறவர்களுக்கு. ஆரணியில் புடவை எடுக்கக் காலை பத்துக்கு முன் போய்விடுங்கள், முகூர்த்த மாதங்களில் பிற்பகலில் உட்கார இடமிருக்காது. திருமலைக்கு ஆரணியிலிருந்து போய்வர மூன்று மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக் கார் கிளம்பும்போது தெருமுனைக்குள் இரண்டு தடவை பிரேக் போடச் சொல்லி, ஜன்னலை இறக்கிவிட்டுக் கேளுங்கள். மிதிக்கும்போது மட்டும் வரும் கீச்சொலி பேட் தேய்ந்ததற்கு அடையாளமாக இருக்கலாம். அது கரகரவென்று மாறினால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது, அதற்குமேல் ஓட்டவிடாதீர்கள். டிஸ்கை மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். டிரைவருக்கும் கேட்டிருக்கும், தெரிந்தேதான் ஓட்டுகிறார் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வண்டியை நிறுத்தி, முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள்.

நான் ஓனரிடம் சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சரோஜா அப்படி நினைக்கவில்லை. இதைப் பற்றி எங்கள் வீட்டில் இரண்டு தடவை பேச்சு வந்து, இரண்டு தடவையும் பாதியில் நின்றது.

போன வாரம் திருவண்ணாமலை போக வண்டி கேட்டு அதே டிராவல்ஸுக்கு போன் செய்தேன். ஏழுமலையைப் பற்றி விசாரித்தேன்.

"அன்னிக்கே கணக்கு முடிச்சி அனுப்பிட்டேன் சார். குடும்பத்தோட ஊருக்குப் போயிட்டான். பழையபடி ஷெட்டுல தறி ஓட்டிகினு இருக்கானாம். நீங்க சொன்னது ரொம்ப நல்லதா போச்சு சார், இல்லேன்னா எனக்கு எங்க தெரியப்போவுது?" என்றார். புது டிரைவர் நல்ல பையன் என்றும், காது பாம்பு மாதிரி என்றும் சொல்லிச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு வண்டியை அனுப்பச் சொன்னேன்.