பெற்றவர் விட்டுப்போனது

தொண்ணூறுகளின் கடைசியில் காரைக்குடியில் ஒரு கிளினிக்கில் நான் லேப் டெக்னீஷியன். நெற்குப்பை சிதம்பரம் அண்ணனுக்குக் கொலஸ்டிரால் நானூறைத் தொட்டது. வயது நாற்பதுதான். ஆனாலும் டாக்டர் எழுதிய மாத்திரையை அவர் வாங்கவே இல்லை.

“எங்க அப்பச்சி எண்பது தாண்டியும் நெய்ச்சோறு சாப்பிட்டாக. எங்க வீட்டுல நெஞ்சுவலியில யாரும் போனதில்ல. முதல்ல உங்க மிஷினைப் பாருங்க, செலினம்மா.”

அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். மிஷினைக் குறை சொன்னதில் எனக்கு ஆத்திரம். மறுபடி டெஸ்ட் போட்டேன், அதே நம்பர்தான் வந்தது.

டாக்டரின் நண்பர் வெளிநாட்டில் மரபணு ஆராய்ச்சியில் இருந்தார். அண்ணனின் ரத்தம் அங்கே போய், பல மாதம் கழித்து ரிசல்ட் வந்தது. கெட்ட கொழுப்பை வெளியேற்ற வேண்டிய ஜீனில் பிறவிக் குறை.

“இது சாப்பாட்டால வந்ததில்ல. பெத்தவங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட இருந்து வந்தது. மாத்திரை போடலைன்னா ஆபத்து” என்று சொல்லிவிட்டு டாக்டர் வார்டுக்குப் போனார்.

அண்ணன் ரிசல்ட் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“நான் சுவீகாரம் வந்த பிள்ளை, செலினம்மா. பெத்த வீடு அரியக்குடி. நான் இங்குட்டு வந்த மறுவருசமே என்னைப் பெத்த அப்பச்சி நெஞ்சைப் பிடிச்சுட்டுப் போயிட்டாக.”

அந்தப் பக்கத்தில் சுவீகாரம் போன பிள்ளைக்குப் போன வீடுதான் வீடு. பெற்ற வீட்டைத் தன் வீடு என்று சொல்வது வளர்த்தவர்களுக்கு மரியாதை இல்லை. அதனால் வளர்த்த அப்பாவை அப்பச்சி என்றும், தன் வீட்டில் நெஞ்சுவலியில் யாரும் போனதில்லை என்றும் எங்களிடம் அவர் சொன்னது பொய்யில்லை.

“பெத்தவுக முகமே எனக்கு நினைவில்ல. ஒரு போட்டோகூட இல்ல. அவுக குடுத்ததுன்னு எங்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான். அதையும் மாத்திரை போட்டு அழிக்கச் சொல்றீகளா?”

“மாத்திரை அதை அழிக்காதுண்ணே. கொழுப்பைத்தான் குறைக்கும். அவுக குடுத்தது கடைசி வரைக்கும் உங்க உடம்புலயே இருக்கும்.”

“நெசமாவா?”

“சத்தியமா.”

அன்றே மாத்திரை வாங்கினார். மறுவாரம் அரியக்குடியில் இருந்த கூடப்பிறந்த தம்பியையும் டெஸ்டுக்கு அழைத்து வந்தார். நான் ஊசி குத்தி ரத்தம் எடுத்து முடிக்கும்வரை தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பயமுறுத்தினால்தான் பேஷன்ட் மருந்து சாப்பிடுவார் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். ஏக்கமும் சாப்பிட வைக்கும் என்று அங்கேதான் கற்றேன்.

அன்று வீட்டுக்குப் போகும் கல்லல் பஸ்ஸில், ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த என் முகத்தில், இறந்துபோன என் அப்பாவைத் தேடிக்கொண்டே போனேன். மூக்கு அவருடையதுதான்.