செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக் குடை

குடைத் தொழிற்சாலையில் அவளுக்கு மழையம்மா என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. வெளியே போகும் ஒவ்வொரு கட்டிலிருந்தும் நாலு குடையை உருவி, தகரக் கொட்டகையில் தண்ணீரைப் பீய்ச்சி, ஒழுகுகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. முப்பது வருஷம் நனைந்தும் ஒரு தும்மல் கிடையாது என்று பீற்றிக்கொள்வாள். சுத்தப் பொய். கையில் கைக்குட்டை இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை.

அவள் வெறும் வேலைக்காரி அல்ல. அப்பா சாகும்போது கம்பெனியின் நூறு பங்கில் எழுபதை அண்ணனுக்கும் முப்பதை இவளுக்கும் எழுதி, இருவரையும் இயக்குநராக்கிவிட்டுப் போனார். ஒரு நாள் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. அவள் இனி இயக்குநர் இல்லை. அண்ணன் தன் பெயரில் புதுப் பங்குகள் போட்டுக்கொண்டதில் அவளுடைய முப்பது சதவீதம் மூன்றாகிவிட்டது. கொட்டகைச் சாவியையும் ஒப்படைக்க வேண்டுமாம். பங்கு போனதைக்கூடப் பொறுத்திருப்பாள், சாவியைக் கேட்டதுதான் தாங்கவில்லை.

அவள் தேடிப்போன வக்கீலம்மா கடிதத்தைப் படித்தாள். "சின்னப் பங்குதாரரை நசுக்கினா தட்டிக் கேக்கச் சட்டம் இருக்கும்மா. நியாயமான விலைக்கு உங்க பங்கை அவரையே வாங்கிக்கச் சொல்லியும் கேக்கலாம். வாங்கிட்டு நிம்மதியா இருங்களேன்."

"விலை யாருக்கு வேணும்? எனக்கு என் கொட்டகை வேணும்."

வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போனது. புதுப் பங்குகளை முடிவுசெய்த கூட்டத்தின் குறிப்பேட்டை அண்ணன் அங்கே கொடுத்தார். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி, அலுவலக அறை. தங்கை நேரில் வந்து மகிழ்ச்சியோடு சம்மதித்தாள் என்று எழுதி, கீழே அவர் கையெழுத்து. அதைக் கேட்டதும் மழையம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

அப்பா ஒரு விதி போட்டிருந்தார். செவ்வாய்தோறும் தங்கை தண்ணீர் அடிக்க, அண்ணன் குடையைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்க வேண்டும். முடிந்ததும் நேரம் குறித்து இருவரும் சோதனைத் தாளில் கையெழுத்திட வேண்டும். அண்ணன் எதை மீறினாலும் அப்பாவின் விதியை மீறமாட்டார். மனிதர் அதில் மட்டும் அப்படியொரு கறார்.

வக்கீலம்மா அந்தச் செவ்வாயின் தாளை நீட்டினாள். பத்தரை முதல் பன்னிரண்டு வரை. தண்ணீர், தங்கை. குடை, அண்ணன்.

"பதினோரு மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்று நீதிபதி கேட்டார்.

அண்ணன் தாளிலிருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். "குடைக்கு அடியிலங்க."

புதுப் பங்குகள் செல்லாது, இயக்குநர் பதவியும் கொட்டகைச் சாவியும் அவளுக்கே, முறையான அறிவிப்பு தராமல் இனிக் கூட்டம் நடத்தக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. மழையம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. வக்கீலம்மாவைக் கட்டிப்பிடித்து, அவள் தோளிலேயே மூன்று தும்மல் போட்டாள்.

அடுத்த செவ்வாய் அண்ணன் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினார்.

"அடுத்த கூட்டத்துக்கு அறிவிப்பு. முறைப்படி குடுக்கச் சொல்லியிருக்காங்களே."

பிரித்துப் பார்த்தாள். செவ்வாய், காலை பதினோரு மணி.

"அண்ணா, அந்த நேரத்துல நமக்கு வேலை இருக்கே!"

அண்ணனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. செவ்வாயை அடித்துவிட்டுப் புதன் என்று எழுதினார். பிறகு குடையை விரித்துக்கொண்டு போய் நின்றார். அவள் குழாயை முழுசாகத் திறந்தாள். முதல் வீச்சு குடையை விட்டுவிட்டு நேராக அவர் சட்டையில் போய் விழுந்தது.

'கை தவறி' என்று தாளில் எழுதினாள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.